ஆக்சிஜன் ஓடுகிறது, மூச்சு ஓடுகிறதா?

கேள்வி: இ.எம்.டி. (ஆம்புலன்ஸ் அவசர மருத்துவ உதவியாளர்) பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். அடுத்த மாதம் மலையடிவாரப் பகுதி ஒன்றில் 108 வண்டியில் பணி. பெரிய ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து 45 நிமிட ஓட்டம். பாம்புக்கடியும் பூச்சிமருந்து குடித்த கேஸும்தான் அதிகம் வருமாம். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போதே வழியில் மூச்சு நின்றுபோன கேஸ்களைப் பற்றி சீனியர்கள் சொல்வதைக் கேட்டால் பயமாக இருக்கிறது. ஆக்சிஜன் கொடுத்தும் ஏன் அப்படி ஆகிறது? பைலட் வண்டி ஓட்டுவார், பின்னால் நான் ஒருத்திதான். என்ன செய்ய வேண்டும்? சிலிண்டர் பாதி வழியில் தீராது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொரு சின்னச் சந்தேகம்: மருதாணி வைத்த விரலில் ஆக்சிமீட்டர் சரியாகக் காட்டுமா?
– பயிற்சி மாணவி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: முகத்தில் மாஸ்க் இருக்கிறது, ஆக்சிஜன் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று காட்டும் ஃப்ளோமீட்டரில் குண்டு 10-ல் நிற்கிறது, விரலில் மாட்டிய கருவி 98 காட்டுகிறது. இவ்வளவும் சரியாக இருக்கும்போதே ஒருவருக்கு மூச்சு அடங்கிக்கொண்டிருக்க முடியும். ஆக்சிஜன் மாஸ்க் உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜனைக் கூட்டித் தரும், அவ்வளவுதான். அந்தக் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளுவது உதரவிதானமும் விலாத் தசைகளும். கட்டுவிரியன் விஷம் அந்தத் தசைகளுக்கு நரம்பு வழியே போகும் உத்தரவையே அறுத்துவிடும். ஆக்சிஜன் கூடிய காற்று மூக்கு வாசலில் காத்திருக்கும். இழுக்க ஆள் இருக்காது.

இதில் ஆக்சிமீட்டர் உங்களை ஏமாற்றும். ஆக்சிஜன் ஓடும்போது மூச்சின் ஆழம் பாதியாகக் குறைந்தாலும் அந்த எண் வெகுநேரம் விழாது. ரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும், அதை அந்தக் கருவி அளப்பதில்லை. எண் விழத் தொடங்கும்போது உங்கள் கையில் மிஞ்சியிருப்பது மிகக் கொஞ்ச நேரம். அதனால் இந்த இரண்டு வகைக் கேஸிலும் கருவியை ஒரு கண்ணால் பாருங்கள், நெஞ்சை இரண்டு கண்ணாலும் பாருங்கள். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு எவ்வளவு ஏறுகிறது, வயிறும் நெஞ்சும் சேர்ந்து ஏறுகின்றனவா, அல்லது வயிறு ஏறும்போது நெஞ்சு உள்ளே போகிறதா? கடைசியாகச் சொன்னது தென்பட்டால் பையை, அதாவது கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக்கை (Ambu bag), கையில் எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கட்டுவிரியன் கடியை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாறுவதற்கு வாய்ப்பு அதிகமான கேஸ் அது. ராத்திரி தரையில் பாய் போட்டுப் படுத்தவரைக் கடிக்கும். வீக்கம் இருக்காது, வலி பெரிதாக இருக்காது, பல் பட்ட தடம்கூடப் பல நேரம் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று கூப்பிடுவார்கள். அழைப்பு வயிற்றுவலிக் கேஸாகவே உங்களிடம் வரும். அந்த நேரத்தில், அந்த வட்டாரத்தில், தரையில் படுத்துத் தூங்கிய ஒருவருக்கு வயிற்றுவலி என்றால் முதலில் இமையைப் பாருங்கள். மேலே பார்க்கச் சொல்லுங்கள். இமை பாதியில் நின்றுவிடுகிறதா? ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறதா? எச்சில் விழுங்க முடிகிறதா? தலையணையிலிருந்து தலையைத் தூக்கி 5 விநாடி நிறுத்த முடிகிறதா? பிறகு ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். நலமாக இருப்பவர் 30-ஐச் சுலபமாகத் தாண்டுவார். முதல் முறை வந்த எண்ணைக் குறித்துக்கொண்டு 5 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப எண்ண வையுங்கள். 28, 22, 14 என்று இறங்கினால் ஆக்சிமீட்டர் 99 காட்டினாலும் மூச்சுத் தசை விழுந்துகொண்டிருக்கிறது. இதற்குக் கருவி வேண்டாம், காசு வேண்டாம்; ஆனாலும் வண்டியில் இதைச் செய்பவர்கள் குறைவு.

நல்லபாம்புக் கடியிலும் இதே தசை வாதம், அதாவது தசை செயலிழப்பு, வரும். அங்கே கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் இருக்கும், வாதம் அரை மணிக்குள்ளேயே தொடங்கிவிடலாம். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் முக்கியமாக ரத்தம் உறைவதைக் கெடுப்பவை. ஈறு, மூக்கு, சிறுநீரில் ரத்தம் தெரிகிறதா என்று பாருங்கள். அந்தக் கேஸில் தசையில் ஊசி போடுவதையும் மூக்கு வழியே குழாய் விடுவதையும் தவிர்ப்பது நல்லது, ரத்தம் நிற்காது.

கடித்த கை காலை எலும்பு முறிவுக்குப் போடுவது போல ஸ்ப்ளின்ட் வைத்து அசையாமல் கட்டுங்கள். மோதிரம், கொலுசு, மெட்டி, அரைஞாண் எல்லாம் வீக்கத்துக்கு முன்பே கழற்றப்பட வேண்டும். கீறுவதும் உறிஞ்சுவதும் கூடாது. ஊரிலேயே இறுக்கிக் கயிறு கட்டி வைத்திருந்தால் அவசரப்பட்டுச் சட்டென்று அவிழ்க்காதீர்கள். அடைபட்டிருந்த விஷம் ஒரேயடியாக ஏறி, உங்கள் வண்டியிலேயே மூச்சு நிற்கலாம். கட்டுக்குக் கீழே நாடி இருக்கிறதா என்று பாருங்கள், 108 கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் இ.ஆர்.சி.பி. மருத்துவரிடம் போனில் சொல்லுங்கள், அவர் சொல்கிறபடி செய்யுங்கள். பாம்பைத் தேடவோ அடித்து எடுத்துவரவோ யாரையும் அனுப்ப வேண்டாம். நம் நாட்டு விஷமுறிவு மருந்து இந்த நான்கு பாம்புக்கும் சேர்த்தே செய்யப்படுவது. எந்தப் பாம்பு என்று தெரியாததால் சிகிச்சை நின்றுவிடாது. கடித்த நேரம்தான் முக்கியம். அதையும் முதலில் இமை இறங்கிய நேரத்தையும் பி.சி.ஆர். தாளில் (நோயாளி பராமரிப்புப் பதிவில்) எழுதுங்கள்.

இனி மிக முக்கியமானது. தசை வாதம் முழுதாக வந்தவர் கண் திறக்க மாட்டார், கை அசைக்க மாட்டார், கிள்ளினாலும் முகம் சுளிக்க மாட்டார். கண்மணி விரிந்து, டார்ச் வெளிச்சத்துக்குச் சுருங்காமலும் இருக்கலாம். பார்ப்பவர் மூளை போய்விட்டது என்று நினைப்பார். ஆனால் உள்ளே நினைவு இருக்கும், பேச்சு காதில் விழும். கழுத்தில் நாடி ஓடுகிறதென்றால் அவர் போய்விட்டார் என்று வண்டிக்குள் யாரும் பேசக் கூடாது. நீங்கள் பையை நிறுத்தவும் கூடாது. இமையைக் கையால் தூக்கி, கருவிழியை மேலும் கீழும் அசைக்கச் சொல்லிப் பாருங்கள், சிலர் அசைப்பார்கள். கண் மூட முடியாமல் பாதி திறந்திருந்தால் ஈரத் துணி வைத்து மூடுங்கள், விழி காய்ந்துவிடும். செய்வதையெல்லாம் அவரிடம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

இப்படிப்பட்டவரின் நுரையீரலில் ஒரு கோளாறும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தள்ளிவிட ஆள் இருந்தால் சாதாரணக் காற்றே அவருக்குப் போதும். சிலிண்டர் தீர்ந்தாலும் அம்பு பேக் தானாக விரிந்து வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். கட்டுவிரியன் கடித்தவரை வெறும் பையால் ஆஸ்பத்திரி வரை உயிரோடு கொண்டுபோக முடியும். சிலிண்டர் நிறைய ஆக்சிஜனை வைத்துக்கொண்டு மாஸ்க் மட்டும் போட்டால் முடியாது.

ஆக, பையைப் பிடிக்கும் விதம். வகுப்பில் ஒரு கையால் மாஸ்க்கை அழுத்தி மறுகையால் பையை அமுக்கச் சொல்லித் தந்திருப்பார்கள். பொம்மையில் வரும். ஓடும் வண்டியில், 45 நிமிடம், அதுவும் தாடியுள்ள முகத்தில் பெரும்பாலும் வராது; கட்டைவிரல் பக்கமாகக் காற்று கசியும், மறுபக்கம் கன்னத்தில் கசியும். நெஞ்சு ஏறாது. பின்னால் நீங்கள் தனியாள் என்றால் கூட வந்த உறவினரில் பதற்றம் குறைந்தவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நீங்கள் தலைமாட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து, இரு கட்டைவிரல்களையும் மாஸ்க்கின் இரு பக்கமும் கால் பக்கம் பார்த்தபடி நீட்டி வைத்து, மற்ற விரல்களால் தாடை எலும்பை மாஸ்க்குக்குள் இழுத்துத் தூக்குங்கள். மாஸ்க்கை முகத்தில் அழுத்துவது தவறு, முகத்தைத்தான் மாஸ்க்குக்குத் தூக்க வேண்டும். பை அவர் கையில். “அண்ணே, நான் ‘இப்போ’ன்னு சொன்னா மட்டும் அமுக்குங்க. பாதி கூட வேணாம், மூணுல ஒரு பங்கு போதும். அமுக்கிட்டு உடனே விட்டுடுங்க” என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் சரியாகச் செய்வார்கள்.

மூன்றில் ஒரு பங்கு என்பதற்குக் காரணம் இருக்கிறது. பெரியவர்களுக்கான பை சுமார் 1,500 மி.லி. கொள்ளும். ஒரு மூச்சுக்கு வேண்டியது 500 முதல் 600 மி.லி. ஒரு விநாடி நேரம் எடுத்து அமுக்க வேண்டும், நெஞ்சு லேசாக ஏறுவது தெரிந்தால் போதும். நாடி இருந்து மூச்சு மட்டும் நின்ற பெரியவருக்கு 6 விநாடிக்கு ஒன்று, நிமிடத்துக்கு 10. குழந்தைக்கு 2 முதல் 3 விநாடிக்கு ஒன்று. பதற்றத்தில் எல்லாரும் இதைப் போல இரண்டு மூன்று மடங்கு வேகமாகத்தான் அமுக்குவார்கள். அப்போது காற்று வயிற்றுக்குள் போகும், வயிறு உப்பும், உப்பினால் வாந்தி வரும், வாந்தி நுரையீரலுக்குள் இறங்கும். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும். வயிறு உப்புவது தெரிந்தால் வயிற்றை அமுக்கி வெளியேற்ற முயலாதீர்கள். தலையைச் சரிசெய்து, வேகத்தைக் குறையுங்கள்.

தலையைச் சரிசெய்வதென்றால் காதுத் துளையும் மார்பெலும்பின் மேல் பள்ளமும் ஒரே மட்டத்துக்கு வர வேண்டும். அதற்கு மடித்த பெட்ஷீட்டைத் தலைக்குக் கீழே கொடுங்கள்; சிறு குழந்தைக்கு மட்டும் தோளுக்குக் கீழே. நினைவில்லாதவருக்கு நாக்கு பின்னால் சரியாமல் இருக்க ஏர்வே (வாய்க்குள் வைக்கும் வளைந்த குழாய்) போடுங்கள்: வாய் ஓரத்திலிருந்து தாடை மூலை வரை அளந்த நீளம். ஓங்கரிப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள். இங்கே வாதம் வந்தவருக்கும் நினைவு இருக்கும் என்று மேலே சொன்னதை மறக்க வேண்டாம். வைக்கும் முன் சொல்லிவிட்டு வையுங்கள். பொய்ப்பல் கெட்டியாக இருந்தால் பை அமுக்கும்போது வாயிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் கன்னம் உள்ளே குழிந்து மாஸ்க் பிடிக்காது. ஆடினால் எடுத்துவிடுங்கள்.

பூச்சிமருந்துக் கேஸ் வேறு மாதிரி. ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்து தசையையும் தளர்த்தும், மூளையில் மூச்சு உத்தரவையும் அடக்கும், அதற்கும் மேலே நுரையீரலையே நீரால் நிரப்பும். கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கி, வாயில் நுரை, வேர்வை, மலம் சிறுநீர் தானாகப் போவது, சதை துடிப்பது, நாடி மெதுவாவது – இவை அடையாளம். உப்புக் கரைசல், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் வழக்கத்தை நீங்கள் போய்ச் சேரும்போதே தடுக்க வேண்டியிருக்கும். பல மருந்துகள் எண்ணெய்க் கரைப்பானில் கலந்தவை. வாந்தியோடு நுரையீரலுக்குள் போனால் விஷத்துக்கு மேல் இன்னொரு நோய் சேர்ந்துகொள்ளும். இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். சட்டையைத் தலை வழியே கழற்றாமல் கத்தரியால் வெட்டி எடுத்து, பையில் போட்டுக் கட்டி, உடலைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு துடையுங்கள். சாதாரண ரப்பர் கையுறையைவிட நைட்ரைல் கையுறை நல்லது. ஜன்னலைத் திறந்து வைத்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். தலைவலி, கண்ணெரிச்சல் உங்களுக்கு வந்தால் பைலட்டிடம் சொல்லுங்கள்.

இங்கே வாயில் சேரும் நுரையையும் வாந்தியையும் உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் கருவிதான் உங்கள் வலது கை. பணி மாறும்போது டியூபைக் கையால் மடக்கிப் பிடித்து ஆன் செய்து பாருங்கள்: 4 விநாடிக்குள் முள் 300 மி.மீ. பாதரசத்தைத் தொட வேண்டும். தொடவில்லையென்றால் மோட்டாரைத் திட்டும் முன் பாட்டில் மூடியைப் பாருங்கள். சரியாகப் பொருந்தாத மூடிதான் வழக்கமான குற்றவாளி. அடுத்தது இறங்கிப்போன பேட்டரி. உறிஞ்சும் நேரம் ஒரு தடவைக்கு 10 விநாடி, வெளியே இழுத்துக்கொண்டு வரும்போது மட்டும். அந்த 10 விநாடியும் நோயாளிக்கு மூச்சில்லை என்று நினைவிருக்கட்டும். முனை கண்ணுக்குத் தெரியும் தூரம் வரைதான் போகலாம். சோற்றுப் பருக்கை வந்து முனை அடைத்தால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு டியூபையே நேராக வாயில் விடுங்கள், ஆளைப் பக்கவாட்டில் உருட்டுங்கள்.

ஆனால் உறிஞ்ச உறிஞ்ச நுரை வந்துகொண்டே இருந்தால் அது வாயில் ஊறியதில்லை, நுரையீரலிலிருந்து பொங்கி வருவது. சக்ஷனால் அதை வற்ற வைக்க முடியாது, இந்த விஷத்துக்கு மாற்று மருந்தான அட்ரோபினால்தான் முடியும். அதனால் இ.ஆர்.சி.பி. மருத்துவருக்குப் போன் போடுவதை ஆஸ்பத்திரி நெருங்கும்வரை தள்ளாதீர்கள். கண்மணி அளவு, நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், நெஞ்சில் இரு பக்கமும் கேட்கும் இரைச்சல் – இந்த நான்கையும் சொன்னால் அவர் முடிவெடுப்பார். பெரியவர்களுக்கு வழக்கமாகத் தொடங்கும் அளவு 1.8 முதல் 3 மி.கி. நம்மிடம் உள்ள ஆம்பூல் 0.6 மி.கி. என்றால் அது 3 முதல் 5 ஆம்பூல். பலன் போதாவிட்டால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பதுதான் முறை. நாடி வேகமாக ஓடுகிறதே என்று மருந்துக்குத் தயங்கத் தேவையில்லை. கண்மணி விரிந்துவிட்டது என்று நிறுத்தவும் கூடாது. பார்க்க வேண்டியது நெஞ்சில் இரைச்சல் அடங்கியதா, அக்குள் காய்ந்ததா என்பதைத்தான். எத்தனை ஆம்பூல் உடைத்தீர்கள் என்பதை உடைத்த ஆம்பூலைத் தட்டில் வரிசையாக வைத்துக் கணக்குச் சொல்லுங்கள், நினைவை நம்ப வேண்டாம்.

இன்னொன்று: பூச்சிமருந்து குடித்து இரண்டு மூன்று நாள் ஆகி, தேறிவிட்டார் என்று ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கேஸ். 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் மறுபடி தளரலாம். ஏற்றும் முன் தலையைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க முடியவில்லையென்றால் அங்கேயே மருத்துவரிடம் சொல்லுங்கள், கிளம்பிய பிறகு சொல்லிப் பயனில்லை.

‘எல்லாருக்கும் ஆக்சிஜன்’ என்பதற்கு ஒரு விலக்கு இந்த வேலையில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். குடித்தது பாராகுவாட் களைக்கொல்லி என்றால் ஆக்சிஜனே நுரையீரலைக் கூடுதலாகக் கெடுக்கும். ஆக்சிமீட்டர் எண் 90-க்குக் கீழே போகாதவரை கொடுக்கக் கூடாது. அதனால்தான் வீட்டிலிருந்து டப்பாவையோ லேபிளையோ கட்டாயம் எடுத்துவர வேண்டும். மற்றபடி பொதுவான இலக்கு 94 முதல் 98. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவருக்கு 88 முதல் 92 போதும்.

சிலிண்டர் கணக்குக்கு வருகிறேன். கேஜில் தெரியும் அழுத்தத்திலிருந்து 15-ஐக் கழியுங்கள், அது தொடக் கூடாத மிச்சம். மீதியைச் சிலிண்டரின் நீர்க் கொள்ளளவால், அதாவது அதில் எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்குமோ அந்த எண்ணால், பெருக்குங்கள். வருவது கையிலுள்ள லிட்டர். அதை ஃப்ளோமீட்டர் அளவால் வகுத்தால் நிமிடம். கையில் தூக்கிப் போகும் பி டைப் சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 10 லிட்டர். முழுதாக நிரம்பினால் 150 கிலோ அழுத்தத்தில் சுமார் 1,500 லிட்டர். வண்டியில் பொருத்தும் பெரிய டி டைப்பில் சுமார் 46 லிட்டர், நிரம்பினால் சுமார் 7,000 லிட்டர். உங்கள் பி டைப் கேஜ் 80 காட்டுகிறது என்று வையுங்கள். 80-ல் 15 போக 65, பத்தால் பெருக்கினால் 650 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓட்டினால் 43 நிமிடம்தான். உங்கள் ஓட்டமே 45. அதையே 10 லிட்டரில் ஓட்டினால் 65 நிமிடம். மாஸ்க்கோடு சேர்ந்த சேமிப்புப் பை ஒவ்வொரு மூச்சிலும் முழுதாகச் சுருங்காமல் இருக்கும் வரை 10 போதும். எப்போதும் 15-ல் திருகி வைப்பது வெறும் பழக்கம். ஓட்ட நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு கையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே கேட்டும் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பும் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

கணக்கு சரியாக இருந்தும் தீர்ந்துபோவதற்குக் காரணங்கள் சிறியவை. முந்தைய கேஸை இறக்கிவிட்டு மூடாமல் விட்ட ஃப்ளோமீட்டர். ரெகுலேட்டருக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள வாஷர் தொலைந்து, சீறிக்கொண்டே கசியும் இணைப்பு. மூடிய சிலிண்டரின் கேஜில் மாட்டிக்கொண்ட பழைய அழுத்தம்: முள் 100-ல் நிற்கும், திறந்து ஓடவிட்டால்தான் உண்மை தெரியும். ஆகவே முள்ளைப் பார்த்து எழுதாதீர்கள், சிலிண்டரைத் திறந்து ஓடவிட்டு எழுதுங்கள். சாவியைச் சிலிண்டர் கழுத்திலேயே கயிற்றால் கட்டி வையுங்கள். எண்ணெயோ கிரீஸோ பட்ட கையால் ரெகுலேட்டரைத் தொடக் கூடாது, தீப்பிடிக்கும். சானிடைசர் போட்ட கை காய்ந்த பிறகு தொடுங்கள்.

பையையும் அதே நேரத்தில் சோதியுங்கள். நோயாளி பக்க வாயை உள்ளங்கையால் அடைத்து அமுக்கினால் பை அமுங்கக் கூடாது. அமுங்கினால் கழுவிவிட்டு வால்வைத் தப்பாகப் பொருத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். குழந்தைகள் பையில் பொதுவாக, அழுத்தம் அதிகமானால் சீறி வெளியேறும் வால்வு ஒன்று இருக்கும், அதைக் கசிவு என்று நினைக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியதுமே தகவல் சொல்லும்போது “பாய்சன் கேஸ்” என்று மட்டும் சொல்லாதீர்கள். “பை அமுக்கிக்கொண்டு வருகிறோம், வென்டிலேட்டர் வேண்டும், இவ்வளவு நிமிடத்தில் வருவோம்” என்று சொன்னால்தான் வாசலில் ஆள் நிற்பார். போகும் வழியில் விஷமுறிவு மருந்து உள்ள சிறிய ஆஸ்பத்திரி எது என்பதைப் பணியில் சேர்ந்த முதல் வாரமே விசாரித்து வையுங்கள்; ஒரே மூச்சில் எண்ணும் எண் வேகமாக இறங்கும் கேஸில் அங்கே நின்று முதல் தவணையை ஏற்றுவதா, நேரே போவதா என்று இ.ஆர்.சி.பி. மருத்துவரைக் கேட்க அது உதவும்.

மருதாணி: சிவப்பு மருதாணி பொதுவாகத் தொல்லை தராது. கறுப்பு மருதாணியும் அடர்த்தியான நெயில் பாலிஷும் எண்ணைக் கெடுக்கலாம், சில நேரம் எண்ணே வராது. விரலின் மேல்–கீழாக மாட்டாமல் பக்கவாட்டில் மாட்டிப் பாருங்கள், அல்லது கால் விரலில் மாட்டுங்கள். விரல் சில்லென்று இருந்தால் முதலில் தேய்த்துச் சூடேற்றுங்கள். கருவி காட்டும் நாடித் துடிப்பும் நீங்கள் கையால் எண்ணும் நாடியும் ஒத்துப்போகாவிட்டால், மருதாணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த எண்ணை எழுதாதீர்கள்.